முதல் ரைஃபிள் பில்ட்: எதை இப்போதே முடிவு செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது

கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். கேட்டவர் டெக்சாஸில், ஆஸ்டின் பக்கம் இருக்கிறார். நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகியவர். பாகம் பாகமாக வாங்கிச் சொந்தமாக, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் கட்ட ஆசை. வேட்டைக்கு இல்லை, 300 முதல் 1000 கெஜம் வரை வைத்திருக்கும் இரும்புத் தகடுகளை அடிக்க. கையில் 3,500 டாலர். கார்பன் நார் சுற்றிய பேரல் (குழல்), ஒரு பவுண்டுக்கும் குறைவான அழுத்தத்தில் விழும் ட்ரிகர் (விசை), துள்ளலைக் குறைக்கப் பேரல் முனையில் மாட்டும் மஸில் பிரேக் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. ஸ்கோப்புக்கு (குறி பார்க்கும் தொலைநோக்கிக்கு) மிஞ்சியது 400 டாலர். ஊருக்குப் போகும்போது கோவையில் ரைஃபிள் கிளப்பில் சுடும் தம்பிக்கு ஒரு ஸ்கோப் வாங்கிப் போகலாமா என்று கடைசியில் ஒரு கேள்வி.

பாகங்களுக்குப் போவதற்கு முன் ஒன்று. நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருந்தால் நின்று படியுங்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்கினால்தான் என்றில்லை, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் அதே கணக்குதான். இதற்கு விலக்குகள் உண்டு. நம் ஆட்களுக்குப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. வேட்டைக்கே போகாவிட்டாலும் அந்த உரிமம் வேண்டும். டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-இல் காலாவதியாகும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி உங்களைக் குற்றவாளியாக்கிவிடும். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு இது விளையாட்டான விஷயம் இல்லை. 100 டாலர் ட்ரிகர் வாங்குவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

சரி, இனி பட்டியல்.

ரைஃபிள் பாகங்கள் இரண்டு ரகம். முதல் ரகத்தில் எதை வாங்குகிறீர்களோ, அதற்குப் பிறகு வாங்கும் எல்லாவற்றையும் அதுவே தீர்மானித்துவிடும்: எந்தத் தோட்டா, எந்த ஆக்‌ஷன், எந்த வகை மேகசின் (தோட்டாப் பெட்டி). இரண்டாம் ரகம், பிடிக்கவில்லை என்றால் ஒரு சனிக்கிழமை மதியம் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளக் கூடியவை: ட்ரிகர், பைபாட் (முன்பக்கம் தாங்கும் இரட்டைக் கால்), பிரேக், கன்னத்தட்டு (கன்னம் சாயும் பாகம்). உங்கள் பட்டியல் இரண்டாம் ரகத்தில்தான் காசைக் கொட்டுகிறது. முதல் ரகத்தைப் பற்றி அதில் ‘ரெமிங்டன் 700 மாதிரி ஏதாவது’ என்று ஒரே வரி. அதைத் திருப்பிப் போடுவதுதான் என் பதில் முழுக்க.

முதலில் தோட்டா. உங்கள் தேவைக்கு 6.5 கிரீட்மூர் போதும். இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஹார்னடி நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த தோட்டா இது. தூரத்துக் குறிக்கென்றே வடிவமைத்தது. .308 வின்செஸ்டர் 1952-இலிருந்து இருக்கிறது, நல்ல தோட்டாதான், பேரலும் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் 1000 கெஜத்தில் பக்கக் காற்று தள்ளும் அளவில் 6.5 கிரீட்மூர், .308-ஐவிடக் கால் பங்குக்கு மேல் குறைவாகவே விலகும். தோளில் இடிப்பதும் குறைவு. போட்டிக்காரர்கள் இன்று 6 மில்லிமீட்டர் ரகங்களுக்குப் போய்விட்டார்கள் என்று உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். டாஷர், ஜிடி என்று பெயர்கள் வரும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தோட்டாவை வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறவர்கள். கடையில் பெட்டி வாங்கிச் சுடப் போகிற உங்களுக்கு, எந்த ஊர்க் கடையிலும் நல்ல மேட்ச் (போட்டித் தர) தோட்டா கிடைப்பதுதான் பெரிய வசதி. 6 மில்லிமீட்டருக்குப் பிறகு மாற வேண்டும் என்றால் பேரலை மட்டும் மாற்றினால் போதும். அதற்கான வழியை ஆக்‌ஷன் வாங்கும்போதே திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக்‌ஷன் என்பது போல்ட் உள்ளே ஓடும் அந்த இரும்பு உடல். சட்டத்தின் கண்ணில் அதுதான் துப்பாக்கி. வரிசை எண் அதில்தான் இருக்கும். உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் கைக்கு வரும். 4473 படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனை முடிய வேண்டும். பேரல், ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை), ட்ரிகர் எல்லாம் சாதாரணப் பார்சலாக வீட்டுக்கே வந்துவிடும். 

ரெமிங்டன் 700 வந்தது 1962-இல். அந்த நிறுவனம் 2018-இலும் 2020-இலும் திவால் மனு போட்டது. ஆனாலும் அந்த ஆக்‌ஷனின் அடிப்பக்க அளவு, திருகுகளின் இடம், ட்ரிகர் மாட்டும் விதம் ஆகியவை தொழில் முழுவதற்கும் அளவுகோலாக நின்றுவிட்டன. இதைத்தான் ‘700 ஃபுட்பிரிண்ட்’ என்கிறார்கள். இந்த அளவில் ஆக்‌ஷன் வாங்கினால் சந்தையில் இருக்கும் ஸ்டாக், சேஸிஸ் (ஸ்டாக்குக்குப் பதிலாகப் போடும் அலுமினியச் சட்டம்), ட்ரிகர் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். சாவேஜ், டிக்கா, ஹோவா இவற்றுக்குத் தனித்தனி அளவு. டிக்கா மிக நல்ல துப்பாக்கி. அதன் போல்ட் ஓடும் வழுவழுப்பை ஒருமுறை அனுபவித்தால் மறக்காது. ஆனால் முதல் பில்டுக்கு 700 அளவிலேயே நிற்பது நல்லது. விற்க நேர்ந்தாலும் பாகங்களுக்கு உடனே ஆள் கிடைக்கும்.

பழைய ரெமிங்டன் 700 ஒன்றை வாங்கி அதைச் சரி செய்துகொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இருபது வருஷத்துக்கு முன் அதுதான் வழி. தொழிற்சாலை ஆக்‌ஷனை வாங்கி, கடைசல் வேலை தெரிந்த துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து, முகப்பை நேராக்கி, போல்ட் லக்குகளை (பூட்டும் பற்களை) தேய்த்து உட்கார வைத்து, அந்த ஒரு ஆக்‌ஷனுக்கென்றே பேரலை அளந்து கடைய வேண்டும். அந்தக் கூலியையும் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்தால் இன்று புது கஸ்டம் ஆக்‌ஷனே லாபம். ஜெர்மாட் ஆர்ம்ஸின் ஆரிஜின், ஏரோ பிரிசிஷனின் சோலஸ் போன்றவை எனக்குத் தெரிந்து 700 முதல் 1,000 டாலருக்குள் வருகின்றன. இவற்றை ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருக்கும்படி துல்லியமாகக் கடைந்திருப்பதால், முன்கூட்டியே கடைந்து தோள் வெட்டிய ‘பிரீஃபிட்’ பேரலை வாங்கி நேராகத் திருகிவிடலாம். போல்ட் தலையை மட்டும் மாற்றி வேறு தோட்டாக் குடும்பத்துக்குப் போகவும் வழி உண்டு. இன்னும் மேலே டிஃபையன்ஸ், இம்பாக்ட் என்று 1,500 டாலர் ஆக்‌ஷன்கள் இருக்கின்றன. உங்கள் குண்டுகள் படும் வட்டம் அவற்றால் ஒரு அங்குலம்கூடச் சுருங்காது. ஓட்டத்தின் சுகம், நுணுக்கமான வேலைப்பாடு, அவ்வளவுதான்.

பழைய 700-தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ட்ரிகரை மட்டும் கவனியுங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர்களை ரெமிங்டன் 2014-இல் திரும்பக் கேட்டது. பொருத்தும்போது பூசிய பசை அதிகமாகிப்போய், விரல் படாமலே வெடிக்கும் வாய்ப்பு இருந்ததுதான் காரணம். திருத்தப்படாத துப்பாக்கிகள் இன்னமும் பழைய சரக்குச் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

இனி பேரல். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் துல்லியம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு பேரலும் அதன் சேம்பரும் (தோட்டா உட்காரும் அறையும்) செய்யும் வேலை. கிரைட்டீரியன், பார்ட்லைன், கிரீகர், புரூஃப் ரிசர்ச், ஹாக் ஹில், எதை எடுத்தாலும் உங்கள் கைக்கு அவை அதிகம். ஆகவே பெயரைவிட அளவைக் கவனியுங்கள். 6.5 கிரீட்மூருக்கு உள்வரி (குண்டைச் சுழல வைக்கும் சுருள் பள்ளம்) 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இருக்க வேண்டும். 140, 147 கிரெயின் (குண்டின் எடை அளவு) நீளக் குண்டுகளை அதுதான் நிலையாகப் பறக்க வைக்கும். நீளம் 24 அங்குலம் வாங்குங்கள். 26 அங்குலத்தில் வேகம் கொஞ்சம் கூடும், ஒரு அங்குலத்துக்கு நொடிக்கு 20 அடி போல. 1000 கெஜத்துக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம், காரில் ஏற்றும்போது நீளம்தான் இடிக்கும்.

கார்பன் பேரல் வேண்டாம். அதன் உள்ளே இருப்பதும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழல்தான், மேலே கார்பன் நாரைச் சுற்றியிருக்கிறார்கள். மலையேறி மானைத் தேடுகிறவருக்கு ஒரு கிலோ குறைவது பெரிய வரம். நீங்கள் காரிலிருந்து இறங்கி ஐம்பது அடி நடந்து படுக்கப் போகிறீர்கள். உங்களுக்கு எடைதான் நண்பன். துப்பாக்கி கனமாக இருந்தால் சுட்ட பிறகு துள்ளாது. துள்ளாவிட்டால் உங்கள் குண்டு தகட்டில் எங்கே பட்டது, எந்தப் பக்கம் மண் தெறித்தது என்று நீங்களே ஸ்கோப்பில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். போட்டிகளில் 20 பவுண்டு துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் அதற்காகத்தான் அலைகிறார்கள். கார்பனுக்கும் கனமான இரும்புப் பேரலுக்கும் விலையில் 300, 400 டாலர் வித்தியாசம் வரும். அதைத் தூக்கி ஸ்கோப்பில் போடுங்கள்.

பேரல் தேயும். இதைச் சொன்னால் புதியவர்கள் பயப்படுகிறார்கள். 6.5 கிரீட்மூரில் சுமார் 2,000 முதல் 3,000 தோட்டாக்களுக்குள் சேம்பருக்கு முன்னால் இருக்கும் கழுத்து அரித்துத் துல்லியம் குறையத் தொடங்கும். .308 என்றால் 5,000-ஐத் தாண்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்ச் தோட்டா ஒன்று ஒன்றரை டாலருக்குக் குறையாது. ஒரு பேரலைத் தேய்த்து முடிக்கும் தோட்டாவுக்கு நீங்கள் கொடுக்கும் காசு, அந்தப் பேரலின் விலையைப்போல் ஆறேழு மடங்கு. டயர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஓடினால் தேயும், தேய்ந்தால் மாற்றுவோம். பிரீஃபிட் வசதியுள்ள ஆக்‌ஷனை வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

பிரீஃபிட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு திருகிச் சுடலாம் என்று அர்த்தமில்லை. ஹெட்ஸ்பேஸ் பார்த்தே ஆக வேண்டும். அதாவது, தோட்டா சேம்பரில் உட்கார்ந்த பிறகு அதன் பின்பக்கத்துக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளி. அது அதிகமானால் வெடிக்கும்போது பித்தளைக் கூடு நீண்டு, அடிப்பக்கம் விரிசல் விட்டு, கொதிக்கும் வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும். பார்ப்பதற்கு ‘கோ’, ‘நோ-கோ’ என்று தோட்டா வடிவில் இரண்டு எஃகு அளவிகள் விற்கிறார்கள். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் (தோட்டாவை அடிக்கும் ஊசி) எஜெக்டரையும் (கூட்டை வெளியே தள்ளும் பாகம்) கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு உங்களை ஏமாற்றும். கோ அளவியைப் போட்டுப் போல்ட்டைத் தள்ளினால் கைப்பிடி இரண்டு விரல் தொடுதலிலேயே கீழே விழ வேண்டும். நோ-கோவைப் போட்டால் பாதி வழியில் நிற்க வேண்டும். அழுத்தி மூடப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இல்லை என்றால் அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றாதீர்கள். ஆக்‌ஷன் ரெஞ்சு, பேரல் வைஸ், அளவிகள் எல்லாம் வாங்கும் செலவைப் பார்த்தால், முதல் முறை உள்ளூர்த் துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது மலிவு.

ட்ரிகர் விஷயத்துக்கு இவ்வளவு பேச ஒன்றுமில்லை. ட்ரிகர்டெக், டிம்னி இரண்டில் ஒன்றின் ஆரம்ப ரகம், 150-லிருந்து 200 டாலர். ஒன்றரை, இரண்டு பவுண்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டுக்குக் கீழே போவது, விரல் பழகிய பிறகு எடுக்க வேண்டிய முடிவு. குளிரில் கையுறை போட்ட விரலோ, போட்டிப் பரபரப்போ அந்த மெல்லிய இழுப்பைத் தாங்காது. மாட்டி முடித்ததும் காலித் துப்பாக்கியில் போல்ட்டைப் பலமாக அறைந்து மூடிப் பாருங்கள், சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை அழுத்தி, விரலை எடுத்து, சேஃப்டியை விலக்கிப் பாருங்கள். எந்த நிலையிலும் ஃபயரிங் பின் தானாக விழக் கூடாது.

ஸ்டாக்கா சேஸிஸா என்பது அடுத்த பஞ்சாயத்து. மரமோ ஃபைபரோ ஆன ஸ்டாக்கில் ஆக்‌ஷன் அசையாமல் உட்கார, இடுக்குகளில் எபாக்சிப் பிசின் ஊற்றிப் படுக்கை போடுவார்கள். அது தனி வேலை, தனிக் கூலி. அலுமினிய சேஸிஸில் அது தேவையில்லை. ஆக்‌ஷனை வைத்து, சேஸிஸ் செய்தவர் சொல்லும் அளவுக்கு (பெரும்பாலும் 65 அங்குல-பவுண்டு) இரண்டு திருகையும் டார்க் ரெஞ்சால் முடுக்கினால் முடிந்தது. கே.ஆர்.ஜி. பிராவோ, அல்லது எம்.டி.டி.-யின் விலை குறைந்த மாடல்கள் முதல் பில்டுக்குச் சரியாக இருக்கும். முடுக்கியபின் ஒரு டாலர் நோட்டை மடித்துப் பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே விட்டு, ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். எங்கும் சிக்கக் கூடாது. சிக்கினால் பேரல் கட்டையைத் தொடுகிறது, சூடானதும் குறி நகரும்.

சேஸிஸ் தேர்ந்தெடுக்கும்போது நம் ஆட்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அமெரிக்க ஸ்டாக்குகள் ட்ரிகரிலிருந்து பின்தட்டு வரை பதின்மூன்றரை அங்குலம் போல வைத்து வருகின்றன. ஆறடி ஆளுக்கு அது சரி. ஐந்தரை அடி ஆளுக்குக் கை நீண்டு, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு சுட வேண்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் கழுத்து வலிக்கும், கண் ஸ்கோப்பின் மையத்தில் நிற்காது. அதனால் ஸ்பேசர்களைக் கழற்றி நீளத்தைக் குறைக்கவும், கன்னத்தட்டை ஏற்றி இறக்கவும் முடிகிற மாடலாகப் பாருங்கள். அளவு சரியா என்று பார்க்கக் காலித் துப்பாக்கியோடு படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தைச் சுகமாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிந்தால் சரி. ஓரத்தில் பிறை மாதிரிக் கறுப்பு தெரிந்தால் கன்னத்தட்டையோ ஸ்கோப்பையோ நகர்த்த வேண்டும். 800 டாலர் கொடுத்தும் இந்தச் சரிசெய்தல் வசதி இல்லாத அழகான மரக்கட்டைகள் இருக்கின்றன, வாங்காதீர்கள்.

மேகசின் ஏ.ஐ.சி.எஸ். என்னும் கழற்றி மாட்டும் பெட்டி வகை. அதைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

ஸ்கோப்புக்கு நீங்கள் ஒதுக்கிய 400 டாலர்தான் இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பெரிய கவலை. 1000 கெஜத்தில் தகட்டை அடிப்பதென்றால் நடப்பது இதுதான்: 100 கெஜத்தில் பூஜ்ஜியம் வைத்த (பார்க்கும் புள்ளியிலேயே குண்டு படும்படி சரி செய்த) 6.5 கிரீட்மூர், 1000-க்குப் போனால் சுமார் 9 மில் (ஒரு கோண அளவை) கீழே விழும். அந்த 9 மில்லை நீங்கள் டரட்டை (ஸ்கோப்பின் மேலிருக்கும் திருகுமரையை) திருகி ஏற்ற வேண்டும். அடுத்த தகடு 400 கெஜத்தில் என்றால் இறக்க வேண்டும். மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் டரட் சொன்ன எண்ணுக்குச் சரியாகக் கண்ணாடி நகர வேண்டும், பூஜ்ஜியத்துக்குத் திருப்பினால் அதே இடத்துக்கு வர வேண்டும். மலிவான ஸ்கோப் தோற்பது இங்கேதான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். டரட் பொய் சொன்னால், தப்பு காற்றினாலா, தோட்டாவாலா, உங்கள் விரலாலா என்று தெரியாமல் பெட்டி பெட்டியாகத் தோட்டா வீணாகும்.

ஆகவே 900, 1,000 டாலராவது ஒதுக்குங்கள். வோர்டெக்ஸின் வைப்பர் பி.எஸ்.டி., ஏத்லான், ஆர்க்கன் என்று இந்த வட்டாரத்தில் பல உண்டு. பழைய சரக்காக நைட்ஃபோர்ஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். உருப்பெருக்கம் 5-இலிருந்து 25. 25-ஐப் பயன்படுத்துவதே அபூர்வம், டெக்சாஸ் வெயிலில் கானல் அலையில் தகடு நடனமாடும்; பெரும்பாலும் 12-க்கும் 18-க்கும் நடுவில்தான் நிற்பீர்கள். ரெட்டிக்கிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) முதல் குவியத்தளத்தில் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் எந்தப் பெருக்கத்தில் வைத்தாலும் கோடுகளுக்கு நடுவே உள்ள அளவு மாறாது. மில், எம்.ஓ.ஏ. என்ற இரண்டு கோண அளவைகளில் எது நல்லது என்ற சண்டையில் இறங்காதீர்கள். உங்கள் ரேஞ்சில் பக்கத்தில் படுப்பவர்கள் எதில் பேசுகிறார்களோ அதுவே உங்களுக்கும். பெரும்பாலும் மில்லாகத்தான் இருக்கும். நமக்கு அதுதான் சுலபமும்கூட; 100 மீட்டரில் ஒரு மில் என்பது 10 சென்டிமீட்டர், டரட்டின் ஒரு கிளிக் ஒரு சென்டிமீட்டர். கண்ணாடியின் கோடும் டரட்டும் ஒரே அளவையில் இருக்கிறதா என்று மட்டும் பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

ஸ்கோப்பை மாட்ட அதன் அடியில் போடும் பிகாட்டின்னி ரெயில் 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ளதாக இருக்கட்டும். கிட்டத்தட்ட 6 மில் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும், டரட் கடைசியில் முட்டி நிற்காது. பல கஸ்டம் ஆக்‌ஷன்களில் ரெயில் உடம்போடு சேர்ந்தே வருகிறது. ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகளில் கஞ்சத்தனம் வேண்டாம், 100 முதல் 150 டாலர். மூடித் திருகுகளை ரிங் செய்தவர் சொல்லும் அளவுக்கு (பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு) மட்டும் முடுக்குங்கள்; பலம் காட்டினால் குழல் நசுங்கும். முடுக்குமுன் 50 கெஜம் தள்ளி ஒரு தூக்குக் குண்டைக் கயிற்றில் தொங்க விட்டு, துப்பாக்கியைச் சமமட்டத்தில் நிறுத்தி, ரெட்டிக்கிளின் செங்குத்துக் கோட்டைக் கயிற்றோடு ஒட்டி நிற்க வையுங்கள். கொத்தனார் சுவர் எழுப்பும் அதே தூக்குக் குண்டுதான். இந்தக் கோடு சாய்ந்திருந்தால் 100 கெஜத்தில் ஒன்றும் தெரியாது, 1000-இல் டரட்டை ஏற்றும்போது குண்டு பக்கவாட்டில் விலகிப் போகும். காற்று என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

துணைக்கருவிகளில் உடனே வேண்டியவை கொஞ்சம்தான். ஹாரிஸ் பைபாட் ஒன்று, 6-இலிருந்து 9 அங்குல உயரம், காலில் காடி வெட்டிய ரகம். பின்கட்டைக்கு அடியில் வைக்க ஒரு மணல் பை. இது 40 டாலர்தான், ஆனால் 400 டாலர் பாகம் செய்யாத வேலையைச் செய்யும். டார்க் ரெஞ்ச். காதுக்கு நல்ல மூடி. துடைக்கும் கம்பி, அது நேராகப் போக வழிகாட்டும் போர் கைடு. பூட்டுள்ள அலமாரி, வீட்டில் குழந்தை இருந்தால் இதைப் பட்டியலின் தலையில் எழுதுங்கள். வேகம் அளக்கும் கருவியை நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்கினால் போதும். உங்கள் பேரலில் உங்கள் தோட்டா என்ன வேகத்தில் போகிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், மீதியை ஃபோனில் இருக்கும் கணக்குச் செயலி பார்த்துக்கொள்ளும்.

மஸில் பிரேக் துள்ளலைக் குறைக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் சத்தத்தையும் காற்றையும் பக்கவாட்டில் அடிக்கும். தகரக் கூரை போட்ட ரேஞ்சில் பக்கத்து மேஜைக்காரர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். பேரல் முனையில் 5/8-24 மரை வெட்டி வாங்கிக்கொண்டு, இப்போதைக்கு மூடி போட்டு வைத்தால் போதும். டெக்சாஸில் சப்ரெஸர் (சத்தம் குறைப்பான்) வைத்திருக்கலாம், கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் முடியாது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் சப்ரெஸர்களுக்குப் பூஜ்ஜியமாகிவிட்டது. பதிவு, கைரேகை, அனுமதிக்குக் காத்திருப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன. பிரேக்குக்குப் போடும் 150 டாலரைச் சேர்த்து வைத்து நேராகச் சப்ரெஸருக்கே போவேன், நானாக இருந்தால்.

பணக் கணக்கு. தோராயமாக: ஆக்‌ஷன் 850, இரும்புப் பேரல் 550, அதை மாட்டும் கூலி 100, ட்ரிகர் 170, சேஸிஸ் 450, மேகசின் 40, ஸ்கோப் 900, ரிங் 120, பைபாட் 120, சில்லறை 100. கூட்டினால் 3,400. கையில் மிஞ்சுவது 100 டாலர், அதாவது மூன்று பெட்டித் தோட்டா. துப்பாக்கியைக் கட்டிவிட்டு அதைச் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் இரண்டு வழி சொல்கிறேன். இன்னும் நாலைந்து மாதம் சேர்த்து, பட்ஜெட்டை 4,200-க்குக் கொண்டுவந்து, 700 டாலர் தோட்டாவுக்கென்றே ஒதுக்குவது ஒரு வழி. நான் பரிந்துரைப்பது மற்றது. பெர்காரா பி-14 எச்.எம்.ஆர். போன்ற தொழிற்சாலைத் துப்பாக்கியை 6.5 கிரீட்மூரில் வாங்குங்கள். ஆயிரத்துச் சொச்சம் டாலர். ஸ்பெயின்காரர்கள் செய்வது, பேரல் செய்து பேர் வாங்கியவர்கள். அதன் அடிப்பக்கம் 700 அளவு, மேகசின் ஏ.ஐ.சி.எஸ்., கன்னத்தட்டு ஏறி இறங்கும். அதன் மேல் 1,000 டாலர் ஸ்கோப்பை மாட்டி, மிச்சத்தில் தோட்டா வாங்கி ஒரு வருஷம் சுடுங்கள். அப்புறம் கஸ்டம் ஆக்‌ஷன் வாங்கும்போது ஸ்கோப், ரிங், பைபாட், மேகசின் எல்லாம் புதிதற்கு அப்படியே மாறிவிடும். ட்ரிகர் மாற்றியிருந்தால் அதுவும். அந்த ஒரு வருஷத்தில் உங்களுக்கு நீளம் எவ்வளவு வேண்டும், எடை போதுமா, பிடி நேராக இருக்க வேண்டுமா சாய்வாக இருக்க வேண்டுமா என்று உங்கள் தோளும் மணிக்கட்டுமே சொல்லிவிடும். இப்போது அதையெல்லாம் யூடியூப் பார்த்துத்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். ‘சொந்தமாகக் கட்டினேன்’ என்ற சந்தோஷம் இதில் தள்ளிப்போகிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சந்தோஷம்தான் முக்கியம் என்றால் முதல் வழியே போங்கள். ஆனால் கட்டினால் மலிவாக முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தம்பிக்கு ஸ்கோப்: கேட்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். ரைஃபிள் ஸ்கோப்புகள் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. பரிசாகக் கையில் கொண்டுபோனாலும் அது ஏற்றுமதிதான், வணிகத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டியிருக்கும். ட்ரிகர், பேரல், போல்ட் போன்ற பாகங்களை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அமெரிக்காவில் கிளம்பும் இடத்திலும் குற்றம், இந்தியாவில் இறங்கும் இடத்திலும் குற்றம். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதற்குள் ஆயுதத்தின் பாகங்களும் அடங்கும். காலித் தோட்டாக் கூடு ஒன்று பழைய பையின் மூலையில் கிடந்து சென்னை விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தாலே விளக்கம் சொல்லி மாளாது. ஊருக்குப் போகும்போது ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை எடுக்காமல் வேறு பையை எடுத்துப் போங்கள். தம்பிக்கு வேண்டியதை அவர் கிளப் வழியாக, அங்கே முறைப்படி இறக்குமதி செய்து விற்பவர்களிடம் வாங்கட்டும். காசை மட்டும் நீங்கள் கொடுங்கள்.